இன்னொரு அன்பரசன்

அத்தியாயம் 14

எட்டு மாதமாகக் குருவம்மாள் தன் மருமகளிடம் நேராகப் பேசுவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் வீட்டுப் பூனையிடம் பேசினாள்.

விஜயதசமி அன்று காலையிலும் அப்படித்தான். அடுப்படி வாசலில் சுருண்டு கிடந்த பூனையைப் பார்த்து, இட்லி வெந்துவிட்டது, பசிக்கிறவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தாள். எழில் எழுந்து வந்து தட்டை எடுத்தாள். தேங்காய்ச் சட்னியா, தக்காளியா என்று அவளும் பூனையிடமே கேட்டாள். இரண்டும் இருக்கிறது என்ற பதிலும் பூனை வழியாகவே வந்தது.

இதைச் சண்டை என்று சொல்ல முடியாது. எழிலுக்குத் தலைவலி என்றால் சுக்குக் காபி வந்துவிடும். பட்டாசு ஆலையில் பெட்டி கட்டும் வேலை முடிந்து வேனில் வந்து இறங்கும்போது, குருவம்மாள் மருமகளுக்குப் பிடித்த கருப்பட்டி மிட்டாயை மறக்காமல் வாங்கி வருவாள். கொடுக்கும்போது மட்டும் பூனையிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பாள்.

காரணம் உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக.

குருவம்மாளின் ஒரே மகன் அன்பரசன், ஆப்செட் மெஷின் மெக்கானிக். திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்தில் எந்த அச்சகத்தில் மெஷின் மக்கர் செய்தாலும் அவனுக்குத்தான் போன் வரும். ஆனால் எந்தக் கம்பெனியிலும் அவன் நிரந்தர ஆள் இல்லை. எல்லாம் கான்ட்ராக்ட். ஒரு மெஷினை இறக்கி நிறுத்த இருபது நாள், பழைய மெஷினைப் பிரித்துப் பூட்ட ஒரு மாதம். இடையில் சும்மா இருக்கும் நாட்களும் உண்டு.

போன வருடக் கடைசியில், மதுரையில் ஆள் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஹரிஷ்குமார் என்ற ஏஜென்ட்டின் விளம்பரத்தை எழில்தான் போனில் பார்த்தாள். ஷார்ஜாவில் ஒரு அச்சகம், இரண்டு வருட ஒப்பந்தம். அன்பரசன் வீடியோ காலில் டெஸ்ட் கொடுத்தான். பாஸ் ஆகிவிட்டான் என்று ஹரிஷ்குமாரே போனில் வாழ்த்துச் சொன்னார். அப்புறம் டிப்ளமோ, மார்க் ஷீட், அனுபவச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரிஜினலாகக் கொண்டுவரச் சொன்னார். ஒரிஜினலை யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று குருவம்மாள் தலையால் அடித்துக்கொண்டாள். எழில் கேட்கவில்லை. பஸ் ஏறிப் போய்த் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

விசா வருகிறது என்றார்கள். மெடிக்கல் என்றார்கள். பிறகு பிப்ரவரியில், கம்பெனி அந்த வேலையையே ரத்து செய்துவிட்டது என்றார் ஹரிஷ்குமார். சரி, சர்டிபிகேட்டைக் கொடுங்கள் என்றால் மும்பை ஆபீசில் இருக்கிறது என்றார். அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை. நேரில் போனால் சார் டூர். புகார் எழுதலாம் என்றால், கொடுத்ததற்கு ஒரு துண்டுச்சீட்டு கூடக் கையில் இல்லை. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று ஒரிஜினலைப் பார்க்காமல் வேலை தர மாட்டோம் என்று சொல்லி, அன்பரசன் வெறுங்கையோடு திரும்பி வந்தது போன வாரம்.

பிப்ரவரியிலிருந்தே வீட்டில் பூனைக்குத்தான் வேலை அதிகம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அன்பரசனுக்குக் கருப்பணன் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. திருத்தங்கலில் எழில் வேலை பார்க்கும் அச்சகத்தின் முதலாளி அவர். எழில் அங்கே கம்ப்யூட்டரில் காலண்டர் பக்கங்களை வடிவமைக்கிறாள். அண்ணாச்சி தன்னுடைய பழைய நாலு கலர் மெஷினை விற்கப்போகிறார். வாங்க நினைக்கும் பார்ட்டி இன்று பார்க்க வருகிறது. பூஜை முடிந்து முதல் தாள் ஓட்டும் நாளும் இதுதான். அன்பரசன் வந்து ஓட்டிக் காட்டினால் நன்றாக இருக்கும்.

"எந்த ஊர்ப் பார்ட்டி, அண்ணாச்சி?" என்று அன்பரசன் கேட்டான்.

பதிலைக் கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். போனை வைத்த பிறகு, ஷார்ஜா என்றான்.

எழிலின் கையில் இட்லி அப்படியே நின்றது. குருவம்மாள் பூனையைப் பார்த்தாள். ஆலைக்கு இன்றைக்கும் லீவுதான், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது, ஷார்ஜாக்காரர்கள் எப்படித்தான் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்று அதனிடம் சொல்லிவிட்டு, பச்சைச் சேலையை எடுத்து உதறினாள்.

மூன்று பேரும் ஒரே பைக்கில் போனார்கள்.

அச்சகத்தில் நேற்று கட்டிய வாழைக்கன்று வாடாமல் நின்றது. ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் மாலையும். பெரிய தாம்பாளம் நிறையப் பொரி கடலை. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும் சேர்ந்து நெரிக்கிற சீசன். நேற்று ஒரு நாள்தான் மெஷின்களுக்கு ஓய்வு. வேலையாட்கள் எல்லாம் குளித்து, நெற்றியில் விபூதியோடு, பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் மாதிரி நின்றார்கள்.

ஷார்ஜாக்காரர்கள் பத்தரை மணிக்கு வந்தார்கள். வெள்ளைக் காரிலிருந்து ஐம்பது வயதுள்ள ஒருவரும், முக்காடு போட்ட ஒரு பெண்மணியும் இறங்கினார்கள். அவர் பெயர் உபைதுல்லா. மனைவி அமீனா. குருவம்மாளுக்குப் பெரிய ஏமாற்றம்.

"இவுகளப் பாத்தா நம்ம ஊருக்காரக மாதிரில்ல இருக்கு" என்றாள், சத்தமாகவே.

அமீனா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம ஊருதாம்மா. விருதுநகரு. எங்க வாப்பா மல்லி, வத்தல் யாவாரம். கல்யாணமாகி ஷார்ஜா போயி இருவது வருசம் ஆச்சு."

அங்கே அவர்கள் லேபிளும் அட்டைப்பெட்டியும் அச்சடிக்கும் கம்பெனி நடத்துகிறார்கள். மெஷின், பேப்பர் எல்லாம் உபைதுல்லாவின் பொறுப்பு. ஆள் எடுப்பது அமீனா. குடும்பத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவர்கள், வந்த இடத்தில் ஒரு மெஷினையும் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவர்கள் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருக்க, அன்பரசன் மெஷினுக்கு அடியில் இருந்தான். அவன் காதில் பாதிதான் விழுந்தது.

தேங்காய் உடைத்து முதல் தாளை ஓட்டினார்கள். வழக்கம்போலப் பிள்ளையார் படம். அது சுத்தமாக வந்தது. அடுத்து, ஓட்டிக் காட்டுவதற்காக ஒரு காலண்டர் படத்தைப் போட்டார்கள். மயில்மேல் முருகன். முதல் ஐம்பது தாளில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் மயிலின் கழுத்தில் நீலம் ஒரு மயிரிழை தள்ளி விழ ஆரம்பித்தது. உபைதுல்லா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனைவியிடம் கொடுத்தார். அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது.

அன்பரசன் மெஷினை நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துக் கேட்டான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு நிறுத்தச் சொல்லி, இரண்டாவது கலரில் தாளைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்பர் வரிசையில் கையை விட்டான். ஓரத்தில் இரண்டு பற்களில் பழைய கோந்து காய்ந்து கல்லாகக் கிடந்தது. தாள் அங்கேதான் நழுவியிருக்கிறது. சுரண்டித் துடைத்து, ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி ஓட்டினான். நீலம் மயில் கழுத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. ஆயிரம் தாள் ஓடியும் அசையவில்லை.

உபைதுல்லா ஒரு கைப்பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டார். மெஷினை எடுத்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்தது.

அமீனாதான் பெருமூச்சு விட்டாள். "எங்களுக்கும் சிவகாசியில இருந்து ஒரு ஆளு வந்து எட்டு மாசமாச்சு, தம்பி. உங்க மாதிரி வேலை தெரிஞ்ச ஆளுன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. நல்ல பையன். லோடு ஏத்துனா ரெண்டு ஆளு வேலையை ஒருத்தனே செய்வான். மெஷினைக் கண்டா மட்டும் நாலடி தள்ளி நிக்கிறான்."

சிவகாசியில் யார் என்று அண்ணாச்சி கேட்டார். இங்கே மெக்கானிக்குகளை அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"அன்பரசன்" என்றாள் அமீனா. "சி. அன்பரசன். மதுரையில ஹரிஷ்குமார்னு ஒரு ஏஜென்ட் மூலமா எடுத்தோம்."

அமீனாவுக்கு என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரியவில்லை. எல்லோரும் ஏன் மெஷின் பக்கம் நிற்கிற இந்தத் தம்பியைப் பார்க்கிறார்கள் என்றும் புரியவில்லை.

எழில்தான் முன்னால் வந்தாள். அந்த ஆளுடைய சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டாள். அமீனா போனில் தேடி எடுத்துக் காட்டினாள். டிப்ளமோவின் படம். பெயர், பிறந்த தேதி, பதிவெண் எல்லாம் எழிலுக்கு மனப்பாடம். படத்தைப் பார்க்காமலே பதிவெண்ணைக் கடைசி எண் வரைக்கும் சொன்னாள். அமீனா போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது இவுக சர்டிபிகேட்டு, அக்கா" என்றாள் எழில், கணவனைக் காட்டி. "சி. அன்பரசன் இவுகதான்."

அப்புறம் துண்டு துண்டாக விஷயம் வெளியே வந்தது. டெஸ்ட் எடுத்தது ஷார்ஜா கம்பெனியின் போர்மேன். போனை மெஷினுக்கு எதிரே வைத்துவிட்டதால் கைகள்தான் தெரிந்தன. முகத்தைச் சரியாக யாரும் பார்க்கவில்லை. வேலையை ரத்து செய்தோம் என்று கம்பெனி ஒருநாளும் சொல்லவில்லை. அன்பரசன் அப்போதே ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்டிருந்தான், விசாவுக்கென்று தனியாகக் காசு தர முடியாது என்றும் சொல்லியிருந்தான். ஹரிஷ்குமாரிடம் அதே பெயரில், அதே தலைப்பெழுத்தில், கேட்ட காசைக் கொடுக்கிற இன்னொரு ஆள் இருந்தான். இவன் சர்டிபிகேட்டையும் அவன் பாஸ்போர்ட்டையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

பிறந்த தேதி இரண்டிலும் வேறு வேறாக இருப்பதைத் தான் அப்போதே கவனித்ததாக உபைதுல்லா சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் அப்படித்தான் என்று ஹரிஷ்குமார் சமாளித்திருக்கிறார். உபைதுல்லாவுக்கும் அவருடைய வாப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக ஜூன் மாதப் பிறந்த நாள்தான் கொடுத்திருந்தார் என்பதால் அதை நம்பிவிட்டார்.

எழில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எட்டு மாதமாகத் தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். வேலை உண்மை, டெஸ்ட் உண்மை, புருஷன் பாஸானதும் உண்மை. நடுவில் நின்ற ஒரே ஒருவன்தான் பொய்.

குருவம்மாள் பொரித் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். அச்சகத்தில் பூனை இல்லை.

"ஏத்தா எழிலு, அழாத" என்றாள். "நானே கொண்டுபோயிக் குடுத்திருந்தாலும் அந்தப் பய இதைத்தான் செஞ்சிருப்பான். நான் பேசாம இருந்ததுதான் தப்பு."

எழில் முந்தானையை எடுத்துவிட்டு மாமியாரைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது நிஜமாகவே அழுகை வந்தது. குருவம்மாள் அவள் வாயில் ஒரு கை பொரியைத் திணித்து அதை நிறுத்தினாள்.

ஷார்ஜாவில் அப்போது காலை பத்தரை இருக்கும். அமீனா வீடியோ காலில் அந்த இன்னொரு அன்பரசனைக் கூப்பிட்டாள். அட்டைக் கட்டுகளுக்கு நடுவில், வியர்வை வழிய ஒரு இளைஞன் முகம் வந்தது. நல்ல அகலமான முகம். இங்கே கூட்டத்தைப் பார்த்ததும் மிரண்டான். அமீனா போனை அன்பரசன் கையில் கொடுத்துவிட்டாள்.

நான்தான் அந்தச் சர்டிபிகேட்காரன் என்று அன்பரசன் சொன்னான். கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் போனை வாங்கினான். அந்தப் பையன் எழுந்து நின்றுவிட்டான்.

"அண்ணே, நீங்கதானா அது? எட்டு மாசமா உங்க பேரைக் காப்பாத்த முடியாம நான் பட்ட பாடு சாமிக்குத்தாண்ணே தெரியும்."

அவன் சாத்தூர் பக்கத்துக்காரன். தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றியவன். ஹெல்பர் வேலை என்று சொல்லித்தான் ஹரிஷ்குமார் அனுப்பியிருக்கிறார். அம்மாவின் கழுத்துச் செயின் அதற்காகப் போனது. இறங்கிய அன்றே நாலு கலர் மெஷினுக்கு முன்னால் நிறுத்தி, ஓட்டு என்றார்களாம். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று ஹரிஷ்குமாருக்குப் போன் செய்தால், வாயைத் திறந்தால் போலிச் சர்டிபிகேட் கேஸில் நீதான் உள்ளே போவாய் என்று மிரட்டியிருக்கிறார். அன்றிலிருந்து பயத்தில் மூன்று பேர் வேலையைத் தானே இழுத்துப்போட்டுச் செய்து கொண்டிருக்கிறான், மெஷின் பக்கம் யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக.

சொல்லிவிட்டு, இப்போது எல்லாம் தெரிந்துவிட்டதால் ரொம்ப நிம்மதியாக இருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அன்பரசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அமீனா போனை வாங்கி வைத்தாள். அவள் எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை. அந்தப் பையனை இந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிடுகிறேன், அது உங்களுக்கு உரிய இடம், நீங்கள் வாருங்கள் என்று அன்பரசனிடம் சொன்னாள்.

எட்டு மாதமாக அவன் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. எழில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையைத் துடைக்கிற பாவனையில் வெளியே குழாயடிக்குப் போனான். தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றான். அந்தப் பையனின் அம்மா கழுத்தில் இப்போது என்ன இருக்கும் என்று யோசனை ஓடியது. தன் பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் எட்டு மாதமாகத் தினமும் பயந்து பயந்து வேலைக்குப் போயிருக்கிறான். இப்போது அதே பெயரால் அவனை வெளியே அனுப்புவதா?

எழில் பின்னாலேயே வந்தாள். அவன் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், "அவனையும் வச்சிக்கிடச் சொல்லுங்க. இல்லன்னா வேண்டாம்" என்றாள். அவனுக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

உள்ளே வந்து அமீனாவிடம் சொன்னான். வாங்குகிற மெஷினை அங்கே இறக்கி நிறுத்த எப்படியும் ஆள் வேண்டும். ஆறு மாத ஒப்பந்தத்தில் தானே வருவதாகச் சொன்னான். அந்தப் பையன் ஊருக்குப் போக வேண்டாம், ஹெல்பராகத் தன் கூடவே இருக்கட்டும். மெஷின் பயத்தைத் தான் போக்கிவிடலாம். ஆறு மாதம் கழித்து மெஷின் அந்தப் பையன் கையிலேயே ஓடும். ஆனால் நடுவில் எந்த ஏஜென்ட்டும் கிடையாது. எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அமீனா உபைதுல்லாவைப் பார்த்தாள். அவர் பொரியை மென்றுகொண்டே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, எனக்கு ரெண்டு அன்பரசனும் வேண்டும் என்றார்.

எழில் கம்ப்யூட்டர் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். எத்தனையோ பேருக்குக் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் அடித்துக் கொடுத்த கை. அன்றைக்குத்தான் தன் வீட்டுக்கு ஒரு காகிதம் அடித்தாள். பாஸ்போர்ட் அவரவர் கையில்தான் இருக்கும். சர்டிபிகேட்டைக் காட்டலாம், கொடுக்க முடியாது. போக வர டிக்கெட் கம்பெனியுடையது. சொன்ன வேலை தவிர வேறு வேலை கிடையாது. தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. அமீனா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, இரண்டு இடத்தில் திருத்தி, ஒரு இடத்தில் அன்பரசனுக்குச் சாதகமாகவே ஒன்றைச் சேர்த்தாள். பொங்கலுக்கு லீவு வேண்டும் என்று குருவம்மாள் வாசலில் நின்று சொன்னாள். அது சீசன், முடியாது என்றாள் அமீனா. எனக்கும் பொங்கலுக்கு ஊருக்கு வர வேண்டும், போட்டுவிடு என்றார் உபைதுல்லா. போட்டாயிற்று.

கையெழுத்து ஆனதும் அண்ணாச்சி எல்லோருக்கும் டீ சொன்னார். வேலையாட்களில் ஒருவர் அன்பரசன் கழுத்தில் மெஷின் மாலையையே கழற்றிப் போட்டுவிட்டார். குருவம்மாள் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவள் என்று தெரிந்ததும், தீபாவளிக்குள் ஒரு நாள் விருதுநகர் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு எந்த வெடியை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என அமீனா கூப்பிட்டாள். பெட்டிதான் கட்டுவேன், இந்த வயசு வரைக்கும் ஒரு வெடிகூட வைத்ததில்லை, பயம் என்று குருவம்மாள் ஒத்துக்கொண்டாள். அண்ணாச்சிக்கு டீ புரையேறியது.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. விசாவுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டில் முத்திரை வாங்கியாக வேண்டும். ஒரிஜினல் ஹரிஷ்குமாரிடம் இருக்கிறது.

அமீனா டீயைக் குடித்து முடித்தாள். எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிட்டாள். அன்பரசன் வீட்டார் கூப்பிட்டால் எடுக்காத போனை, அவர் முதல் மணியிலேயே எடுத்தார். அமீனா நிதானமாகப் பேசினாள். புது மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறோம், இன்னொரு ஆள் வேண்டும் என்றாள்.

ஹரிஷ்குமார் தேனாகப் பேசினார். மேடம் நல்ல நாளில் கேட்டிருக்கிறீர்கள், அன்பரசன் மாதிரியே இன்னொரு தங்கமான பையன் இருக்கிறான், நல்ல நாள் என்று இன்றைக்குத்தான் ஒரிஜினலோடு வந்து என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான், நீங்களே பேசிப் பாருங்கள் என்றார்.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"வணக்கம் மேடம். என் பேரு முனியராஜ்."

எழில் எழுந்து நின்றுவிட்டாள். அவளுடைய தம்பி.

முனியராஜ் திருத்தங்கலிலேயே இன்னொரு அச்சகத்தில் கட்டிங் மெஷினில் இருக்கிறான். அக்கா வீட்டில் நடந்த எல்லாம் அவனுக்கு வரிக்கு வரி தெரியும். தெரிந்தும் அந்த ஆளிடமே எப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குத் தலை சுற்றியது. அமீனாவிடம் கையை நீட்டினாள். அமீனா போனைக் கொடுத்தாள். எழில் தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பெனிக்காரி குரலில் பேசினாள்.

"தம்பி, நீங்க வேலைக்கு வர்றது உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

குரலை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"தெரியாது, மேடம்" என்றான் மெதுவாக. "அவுக ஒரு பொருளைத் தொலைச்சிட்டு ரொம்ப நாளா வருத்தத்துல இருக்காக. அதைத் தேடித்தான் மேடம் நான் வெளிய கிளம்புனதே. இப்ப கைக்கெட்டுற தூரத்துல வந்துட்டேன்."

குருவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்பரசன் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலை கேட்டு வந்தவன்போல உள்ளே நுழைந்திருக்கிறான் அந்தப் பயல். குடும்பத்தை வாசல் தாண்ட விடாத ஆபீசுக்குள், நாற்காலியில் உட்கார வைத்து அவனுக்கு உபசாரம் நடந்துகொண்டிருக்கிறது.

"அப்ப நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, தம்பி" என்றாள் எழில். "ஒரிஜினலை மட்டும் பத்திரமா வச்சிக்கிடுங்க. யார் கையிலயும் குடுத்துடாதீக."

போன் மறுபடி ஹரிஷ்குமாரிடம் போனது. இந்தப் பக்கம் எழிலிடமிருந்து அமீனா வாங்கிக்கொண்டாள். தாங்கள் விருதுநகரில்தான் இருப்பதாகவும், இன்றைக்கே நேரில் வந்து அந்தப் பையனைப் பார்த்துவிடுவதாகவும், அதுவரை அவனை அனுப்பிவிட வேண்டாம் என்றும் சொன்னாள். இரண்டு அன்பரசனுக்கும் நடந்ததை எழுதி அங்கேயே போலீஸில் கொடுத்துவிட்டு வரலாம் என்று, போனை வைத்த பிறகு சொன்னாள்.

வெள்ளைக் கார் ஐந்து நிமிடத்தில் கிளம்பியது. உபைதுல்லா ஓட்டினார். குருவம்மாள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. பின்னால் அமீனாவும் எழிலும், ஜன்னலோரம் மாலையைக்கூடக் கழற்றாத அன்பரசனும். அண்ணாச்சி ஒரு பை பொரியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டார்.

விருதுநகரைத் தாண்டி மதுரை ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது எழிலின் போன் அடித்தது. முனியராஜ். கிசுகிசுவென்று பேசினான். மேடம் வருகிறார்கள் என்று ஹரிஷ்குமார் ஸ்வீட் வாங்கக் கீழே போயிருக்கிறாராம். அலமாரிச் சாவி மேஜை மேலேயே இருந்ததாம். திறந்துவிட்டானாம்.

"மச்சான் பைலு கிடைச்சிருச்சாடா?" என்று எழில் கேட்டாள்.

கிடைத்துவிட்டது. ஆனால் அவன் குரல் என்னவோபோல் இருந்தது. எழில் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா, ஒரு பைலு இல்லக்கா. அலமாரி பூராவும் சர்டிபிகேட்டு. நூறு பேரு இருக்கும். சாத்தூரு, அருப்புக்கோட்டை, கோவில்பட்டி, எல்லா ஊருப் பேரும் இருக்கு. பொம்பளப் புள்ளைக பேருகூட இருக்கு. என்னக்கா செய்ய? அந்த ஆளு படியேறி வர்ற சத்தம் கேக்குது."

எழில் கணவனைப் பார்த்தாள். அவன் அமீனாவைப் பார்த்தான்.

குருவம்மாள் முன் சீட்டிலிருந்து முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். பொரிப் பையை உபைதுல்லாவின் மடியில் வைத்துவிட்டு, மருமகளின் கையிலிருந்த போனைத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஏலே முனியா, ஒன்னையும் விடாம அள்ளு. கதவை உள்ளுக்குள்ள தாப்பாப் போட்டுக்கோ. நாங்க வந்துக்கிட்டே இருக்கோம்."